பாலைவன ஆற்றில் ஐந்து நாள் துடுப்புப் போட மதுரையிலிருந்தே தயாராவது எப்படி

முதலில் படிகாரம் வாங்குங்கள். கீழமாசி வீதிப் பக்கம் நாட்டுமருந்துக் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். நூறு கிராம் போதும், வீட்டிலேயே இடித்துப் பொடியாக்கி ஒரு டப்பாவில் போட்டு, மேலே பெயர் எழுதி ஒட்டி, விமானத்தில் செக்-இன் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். அமெரிக்காவுக்குப் படகு விடப் போகிறவனுக்குப் படிகாரம் எதற்கு என்று என் அக்கா வீட்டுக்காரரும்தான் கேட்டார். ஆற்றைக் கண்ணால் பார்த்த பிறகு அந்தக் கேள்வி வரவில்லை. பேர்தான் கிரீன் ரிவர், நாங்கள் போனபோது தண்ணீர் செம்மண்ணைக் கரைத்துவிட்ட மாதிரி இருந்தது.

யூட்டா மாநிலத்தில் அந்த ஆறு லேபிரிந்த் கேன்யன் என்ற பள்ளத்தாக்கு வழியாகப் போகிறது. இரண்டு பக்கமும் சிவப்புப் பாறை செங்குத்தாக நிற்கும், நடுவில் சத்தமில்லாத ஆறு, மேலே ஏறிப் பார்த்தால் சுற்றிலும் பாலைவனம். கிரீன் ரிவர் என்ற அதே பெயருள்ள சின்ன ஊரில் படகில் ஏறினால் மினரல் பாட்டம் என்ற இடத்தில் இறங்கும்வரை 68 மைல், அதாவது சுமார் 110 கிலோமீட்டர். அவ்வளவு நாள் இல்லை என்றால் ரூபி ரேஞ்ச் என்ற பண்ணையில் ஏறலாம், அங்கிருந்து 45 மைல்தான். ஏறின பிறகு ஊர் கிடையாது, கடை கிடையாது, செல்போன் சிக்னலும் கிடையாது. ஆனால் படகைக் கவிழ்க்கிற மாதிரிப் பாறைப் பாய்ச்சல் எதுவும் இந்தப் பகுதியில் இல்லை என்பதால் துடுப்பையே தொட்டிராதவர்களும் தைரியமாகப் போகலாம். அக்கா மகள் அந்தப் பக்கம் வேலையில் இருக்கிறாள். அவள் ஏற்பாட்டில் அக்கா, மாமா, நான், அவள் என நாலு பேரும் ஒரு செப்டம்பரில் ஐந்து நாள் கைடு வைத்துப் போய்வந்தோம். மதுரையிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய், ஆறு மாதம் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டுத் திரும்பும் அப்பா அம்மாக்களை எனக்கு நிறையத் தெரியும். அவர்களையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கைடு வழி காட்டுவார், சமைப்பார், கவிழ்ந்தால் கைகொடுப்பார். ஆனால் நீங்கள் தண்ணீர் குடிக்கிறீர்களா என்று அவர் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, உங்கள் படகை உங்களுக்காகத் தள்ளவும் முடியாது. குடிக்கிற தண்ணீர், துடுப்பு, இந்த இரண்டும் உங்கள் பொறுப்பு. இரண்டையும் ஊரிலேயே பழகிக்கொண்டு போகலாம்.

எப்போது போவது என்பதற்கு என் பதில் செப்டம்பர் கடைசி, இல்லையென்றால் அக்டோபர் தொடக்கம். நம் ஊர் லீவை வைத்து மே மாதம் போட்டுவிடாதீர்கள். அந்த ஆறு வயோமிங் மாநிலத்து மலைப் பனியில் பிறந்து வருகிறது. மே, ஜூனில் பனி உருகித் தண்ணீர் கரை முட்ட வேகமாக வரும், கூடாரம் போட மணல்திட்டு கிடைக்காது, ஜூனில் கொசு பிடுங்கி எடுக்கும். ஜூலை, ஆகஸ்ட் வெயிலோ 38 டிகிரிக்கு மேல் போகும். மதுரைக்காரனுக்கு 38 ஒரு வெயிலா என்று நினைக்க வேண்டாம், அது வேறு வெயில், பின்னால் சொல்கிறேன். செப்டம்பர் பாதிக்குமேல் தண்ணீர் இறங்கி ஆற்றின் நடுவிலும் ஓரத்திலும் மணல்திட்டுகள் வெளியே வந்துவிடும், தூங்க அதைவிட நல்ல இடம் இல்லை. மேலே 1964-இல் கட்டி முடித்த ஃபிளேமிங் கார்ஜ் அணை இருக்கிறது, அதில் எவ்வளவு திறக்கிறார்கள் என்பதைப் பொறுத்தும் ஆறு ஏறி இறங்கும். பெரியாறு தண்ணீர் மலையைக் குடைந்து வந்து, வைகை அணையில் நின்று, திறந்தால்தான் நமக்கு ஆறு என்று பழகிப்போனவர்களுக்கு இது உடனே புரியும்.

கம்பெனியைப் பிடிக்கும்போது இணையத்தில் படம் பார்த்து முடிவு செய்யாமல், போன் போட்டு நாலு கேள்வி கேளுங்கள். ஒரு கைடுக்கு எத்தனை பேர்? கைடுக்கு முதலுதவிப் பயிற்சி உண்டா, சாட்டிலைட் போன் கொண்டுவருவாரா? ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் குடிதண்ணீர் ஏற்றுவீர்கள்? பெர்மிட் உங்கள் பெயரில் வாங்கிவிடுவீர்களா? குடிதண்ணீருக்கு நாலு லிட்டருக்குக் குறைவாகப் பதில் வந்தால் அடுத்த கம்பெனியைப் பாருங்கள். சைவம் என்றால் சைவம் என்று மட்டும் சொல்லாதீர்கள், முட்டை ஆகுமா ஆகாதா, மாட்டு இறைச்சி வெந்த சட்டியில் சமைத்தால் சாப்பிடுவீர்களா என்று வரை சொல்லிவிடுங்கள். அவர்கள் கோபித்துக்கொள்வதில்லை, முன்கூட்டியே சொன்னால் தனிச் சட்டி கொண்டுவருகிறார்கள். விசா, பயண இன்சூரன்ஸ் எல்லாம் நீங்களே அறிந்தது. இன்சூரன்ஸில் ஹெலிகாப்டரில் தூக்கிப்போகும் செலவு சேர்ந்திருக்கிறதா என்பதை மட்டும் படித்துப் பாருங்கள், பள்ளத்தாக்குக்குள் ஆம்புலன்ஸ் வர ரோடு இல்லை.

சரி, பயிற்சி. நீச்சல் தெரியாவிட்டாலும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு போகலாம்தான், ஆனால் தண்ணீரைக் கண்டு பதறாமல் இருக்கத் தெரிந்திருக்க வேண்டும். ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியம் நீச்சல் குளத்தில் ஒரு மாதம் காலையில் போய்வாருங்கள். மல்லாந்து மிதக்கப் பழகினால் பாதிப் பயம் போய்விடும். கண்மாயில் இறங்கிப் பழகுகிறேன் என்று மட்டும் கிளம்ப வேண்டாம், மண் எடுத்த பள்ளம் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. துடுப்புக்கு ராமநாதபுரம் மாவட்டத்தில் தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில் காரங்காடு போகலாம். அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை படகுச் சவாரி நடத்துகிறது, கயாக்கும் உண்டு. கிளம்புமுன் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். மதுரையிலிருந்து விடியற்காலையில் காரில் கிளம்பினால் சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம். இரண்டு தடவை போய்வந்தால் உங்கள் தோள் எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துவிடும். வீட்டுக் கிணற்றில் கயிறு, கப்பி இருந்தால் தினம் இருபது வாளி இறைத்து ஊற்றுங்கள், அதுவும் நல்ல பயிற்சிதான்.

துடுப்புப் போடுவதில் எல்லோரும் செய்கிற தப்பு கையால் இழுப்பது. பாலைவன ஆறுகளில் பெரும்பாலும் கேனோ கொடுப்பார்கள், நீளப் படகு, இரண்டு பேர், ஆளுக்கு ஒரு பக்கம் மட்டும் இலை உள்ள துடுப்பு. மேல் கை துடுப்பின் உச்சிப் பிடியில் இருக்க வேண்டும், கீழ் கை இலைக்குக் கொஞ்சம் மேலே. இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பி, கால் விரலுக்கு நேராகத் துடுப்பு இலை முழுவதும் மூழ்கும்படி குத்தி, திருப்பிய உடம்பை நேராக்குங்கள். படகு தானாக முன்னே போகும், கை வெறும் கொக்கி மாதிரிதான். துடுப்பு இடுப்புக்கு நேராக வந்ததும் வெளியே எடுத்துவிட வேண்டும், அதற்குப் பின்னாலும் இழுத்தால் படகு முன்னே போகாமல் பக்கவாட்டில் திரும்பும். முன்னால் இருப்பவர் தாளம், பின்னால் இருப்பவர் ஸ்டீரிங். பின்னால் இருப்பவர் ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் மேல் கைக் கட்டைவிரலைக் கீழ்நோக்கித் திருப்பி, இலையைப் படகிலிருந்து சற்றே வெளியே தள்ளினால் படகு நேராகப் போகும். இதை முதல் நாளே கைடிடம் பத்துத் தடவை செய்துகாட்டச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். சாயங்காலம் வயிறும் முதுகும் வலித்தால் சரியாகப் போட்டிருக்கிறீர்கள், முழங்கையும் மணிக்கட்டும் வலித்தால் கையால் இழுத்திருக்கிறீர்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள தோல்தான் முதலில் கொப்பளிக்கும். கொப்பளம் வந்த பிறகு பிளாஸ்திரி ஒட்டிப் பயனில்லை, காலையிலேயே ஒட்டிக்கொண்டு படகில் ஏறுங்கள்.

முதல் நாள் கைடு எங்கள் எல்லோரையும் லைஃப் ஜாக்கெட்டோடு ஆற்றில் இறக்கி மிதக்கவிட்டார். மல்லாந்து, கால் இரண்டும் ஆறு போகிற திசையில் நீட்டி, பாதம் தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும். படகு கவிழ்ந்தால் இப்படித்தான் மிதக்க வேண்டும். ஓடுகிற தண்ணீரில் நிற்க முயன்றால் கால் கல்லிடுக்கில் மாட்டிக்கொள்ளும், அப்புறம் தண்ணீரே ஆளைக் குப்புறத் தள்ளிவிடும். படகைப் பிடித்துக்கொள்வதாக இருந்தால் ஆறு வருகிற பக்கத்து முனையைப் பிடிக்க வேண்டும், படகுக்கும் பாறைக்கும் நடுவில் போய்விடக் கூடாது. உசிலம்பட்டிப் பக்கம் கிணற்றில் குதித்து வளர்ந்த மாமாவுக்கு மிதப்பது ஒரு வேலையே இல்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டே, “மாப்ள, பாலைவனம்ங்கிறாய்ங்க, இம்புட்டுத் தண்ணி போகுதேடா” என்றார். “பாதத்தைத் தூக்குங்க மாமா, கைடு பார்க்கிறாரு” என்றேன்.

இப்போது வெயிலைப் பற்றி. மதுரையில் வேர்வை வழியும், சட்டை நனையும், உடனே சொம்பைத் தேடுவோம். அங்கே காற்றில் ஈரமே இல்லை, வேர்வை வந்த சுவடு தெரியாமல் காய்ந்துவிடும், உடம்பு வற்றிக்கொண்டிருப்பது தெரியவே தெரியாது. முதல் நாள் நான் மதியம் வரை ஒரு லிட்டர்கூடக் குடிக்கவில்லை, வேர்க்கவில்லையே என்று இருந்துவிட்டேன். மூன்று மணிக்குத் தலை வெடிக்கிற மாதிரி வலித்து, சாப்பாடு இறங்காமல் கூடாரத்தில் படுத்துவிட்டேன். தாகத்தை நம்பாதீர்கள். அரை மணிக்கு ஒருதரம் நாலு மடக்கு என்று கடிகாரத்தைப் பார்த்துக் குடியுங்கள். வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தாலும் உப்புக் குறைந்து மயக்கம் வரும், அதனால் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்று என்று ஓ.ஆர்.எஸ். பாக்கெட் எடுத்துப்போங்கள், நம் ஊர் மெடிக்கலில் வாங்கியதே போதும். சிறுநீர் அடர் மஞ்சளானால் குடித்தது பத்தவில்லை என்று அர்த்தம்.

துணிமணியில் இரண்டு மூன்று காசித்துண்டு கட்டாயம் எடுங்கள். நனைத்துக் கழுத்தில் போட்டால் வெயிலுக்குக் குளிர்ச்சி, பிழிந்து விரித்தால் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும். மாமா லுங்கி கொண்டுவந்தார். மறைவே இல்லாத மணல்திட்டில் உடை மாற்ற அதைப் போல ஒன்று இல்லை என்று இரண்டாம் நாளே எல்லோரும் ஒத்துக்கொண்டோம். முழுக்கை பாலியெஸ்டர் சட்டை, தாடைக்குக் கீழே கயிறு கட்டுகிற தொப்பி, உதட்டுக்கு வாசலின். ராத்திரி குளிரும், கொடைக்கானல் போகிற மாதிரி ஒரு ஸ்வெட்டர் வேண்டும். சாப்பாட்டுக்குப் பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய் கொண்டுபோகலாம். பச்சைக் கறிவேப்பிலையை மட்டும் எடுக்காதீர்கள், அமெரிக்காவுக்குள் விடமாட்டார்கள். உணவுப் பொருள் எது இருந்தாலும் விமான நிலையத்தில் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

செருப்பு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. ரப்பர் செருப்பு கூடவே கூடாது. குதிகாலில் வார் இறுக்கிக் கட்டுகிற சாண்டல், இல்லையென்றால் பழைய கேன்வாஸ் ஷூ. காரணம், கரைச் சேறு. மேலே காய்ந்து வெடித்துப் பாளம் பாளமாகத் தெரியும், கண்மாய் வண்டல் மாதிரியே இருக்கும், காலை வைத்தால் முழங்கால் வரை போய்விடும். அக்கா அப்படித்தான் இறங்கிவிட்டு, பதற்றத்தில் காலைப் பிடுங்கினாள், ஷூ உள்ளேயே நின்றுவிட்டது. கையை விட்டுத் துழாவி எடுக்கக் கால் மணி நேரம் ஆனது. புதைந்தால் பிடுங்காதீர்கள். படகைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் சாய்ந்து உட்கார்ந்து, குதிகாலை மெதுவாக இப்படியும் அப்படியும் ஆட்டினால் சுற்றிலும் தண்ணீர் இறங்கிச் சேறு இளகும், அப்புறம் கால் தானாக வரும்.

படிகாரத்துக்கு வருவோம். ஐந்து நாளுக்கும் வேண்டிய தண்ணீரைப் படகில் ஏற்றியே போகிறார்கள். என்றாலும் பாத்திரம் கழுவ, முகம் கழுவ, அவசரத்துக்குக் குடிக்க ஆற்றுத் தண்ணீர் வேண்டியிருக்கும். அதை நேராக ஃபில்டரில் விட்டால் இரண்டாவது லிட்டரிலேயே அடைத்துக்கொள்ளும். சாயங்காலம் கூடாரம் போட்டதும் 20 லிட்டர் வாளியில் மொண்டு, அரைத் தேக்கரண்டிக்குச் சற்று அதிகமாகப் படிகாரப் பொடி தூவி, ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கி, அப்புறம் கை வைக்காமல் விட்டுவிடுங்கள். டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்தில் தூள் தூளாக இருந்த கலங்கல் திரிந்த பால் மாதிரி திப்பிதிப்பியாகச் சேரும், சேர்ந்தது மெல்லச் சுற்றிக்கொண்டே கீழே இறங்கும், காலையில் பார்த்தால் அடியில் நாலு விரல் சேறும் மேலே கண்ணாடி மாதிரித் தண்ணீரும் இருக்கும். தண்ணீரில் மிதக்கும் களிமண் துகள்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளிக்கொண்டே இருப்பதால்தான் அடியில் தங்குவதில்லை. படிகாரம் அந்த விலக்கத்தைக் குலைத்து ஒட்டவைக்கிறது. நம் வீடுகளில் தேத்தாங்கொட்டையை இழைத்துவிட்டதும் இதே வேலைக்குத்தான். அந்த ஆற்றுக் கைடுகளும் படிகாரம் பயன்படுத்துகிறவர்கள்தான், எங்கள் கைடு அன்றைக்கு என் டப்பாவிலிருந்தே எடுத்துக்கொண்டார். ஆனால் தெளிந்த தண்ணீர் என்பது கிருமி இல்லாத தண்ணீர் அல்ல. அடிச்சேறு கலங்காமல் மேல் தண்ணீரை மட்டும் மொண்டு, ஃபில்டர் செய்து, அல்லது கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும்.

நாளை எப்படிப் பிரிப்பது என்றால், விடியுமுன் எழுந்து, வெயில் ஏறுமுன் ஆற்றில் இருக்க வேண்டும். மதியத்துக்கு மேல் காற்று பள்ளத்தாக்குக்குள் எதிரே வரும், சில நாள் துடுப்பை நிறுத்தினால் படகு பின்னாலேயே போகும். ஒரு நாளைக்கு 20 முதல் 25 கிலோமீட்டர் என்றால் அதில் முக்கால்வாசியைப் பதினோரு மணிக்குள் முடித்துவிடுங்கள். பாரத்தைப் படகின் நடுவில், தாழ்வாக வையுங்கள், தண்ணீர்க் கேன்தான் அடியில். ஒவ்வொரு பையையும் கயிற்றில் கட்டிவிடுங்கள், கவிழ்ந்தால் எதுவும் மிதந்து போகாது. ராத்திரி படகைக் கரையில் மேலே இழுத்துப்போட்டு, அப்புறமும் கட்டுங்கள். ஆறு இரவில் சத்தமில்லாமல் ஏறக்கூடியது.

போகிற வழியில் போநாட் பெண்ட் என்ற வளைவில் கட்டாயம் இறங்குங்கள். ஆறு 7 மைல் சுற்றிக்கொண்டு போய், புறப்பட்ட இடத்துக்கே கால் மைல் பக்கத்தில் திரும்ப வருகிறது. நடுவில் உள்ள முகட்டில் ஏறி நின்றால் அந்தப் பக்கமும் அதே ஆறு, இந்தப் பக்கமும் அதே ஆறு. இந்தப் பெயரை வைத்தது 1869-இல் ஜான் வெஸ்லி பவல் என்பவர் தலைமையில் நாலு மரப்படகில் பத்துப் பேராகக் கிளம்பிய குழு. போரில் ஒரு கையை இழந்த மனிதர் இந்த ஆற்றிலேயே கொலராடோ வரை போனார் என்பதை அந்த முகட்டில் நின்று நினைத்துப் பார்த்தேன், தோள்வலி கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.

பக்கவாட்டுப் பிளவுகளுக்குள் நடந்துபோகலாம், அழகோ அழகு, ஆனால் தலைக்கு மேலே வானம் நீலமாக இருப்பதை நம்பாதீர்கள். வருசநாட்டில் பெய்தால் கீழே காட்டாறு வருவதை நாம் பார்த்திருக்கிறோம். அங்கே பாறை தண்ணீரை உறிஞ்சாது, கண்ணுக்கெட்டாத தூரத்து மழை பிளவு வழியாகச் சேறும் கல்லுமாக வரும். கைடு போகாதே என்றால் போகாதீர்கள், காய்ந்த ஓடையின் வாயில் கூடாரமும் போடாதீர்கள்.

கழிவறையைப் பற்றி யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை, நான் சொல்லிவிடுகிறேன். மலத்தை மண்ணில் புதைக்கக் கூடாது, மூடியுள்ள பெட்டியில் சேகரித்துத் திரும்பக் கொண்டுவர வேண்டும். பெட்டியைக் கைடு ஒரு மறைவில் வைப்பார். துடுப்பு ஒன்றை வழியில் நட்டு வைத்திருந்தால் காலி, துடுப்பு இல்லை என்றால் உள்ளே ஆள் என்பது எங்கள் குழுவின் கணக்கு. சிறுநீர் நேராக ஆற்றில்தான் போக வேண்டும். ஆற்றை அசிங்கம் பண்ணாதே என்று கேட்டு வளர்ந்த அக்காவுக்கு இது பெரிய சங்கடமாக இருந்தது. ஆனால் அங்கே ஆண்டு முழுக்கப் பெய்கிற மழை 23 செ.மீ. வாக்கில்தான், மணலில் விட்டால் கழுவிப்போக வழியில்லை, எல்லோரும் தங்குகிற அந்தச் சில திட்டுகளும் நாறிப்போகும். பெரிய ஆறு அதைக் கரைத்துவிடும்.

பாறையில் பழங்குடி மக்கள் செதுக்கிய உருவங்கள் ஆங்காங்கே உண்டு. தொடாதீர்கள், கை எண்ணெய் பட்டாலே கெடும். கீழக்குயில்குடி சமணர் மலையில் ஆயிரம் ஆண்டுச் சிற்பத்துக்குப் பக்கத்தில் பெயரும் இதயமும் கிறுக்கி வைத்திருப்பதைப் பார்த்து வயிறு எரிந்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகளைக் கூட்டிப்போனால் கிளம்புமுன்னே சொல்லிவையுங்கள். கருப்பாக, மேடுபள்ளமாக, பொருக்குத் தட்டிய மண் தெரிந்தால் அதை மிதிக்காமல் மணலிலோ பாறையிலோ நடங்கள். அது உயிருள்ள மண், ஒரு மிதிபட்டால் திரும்ப வளரப் பல ஆண்டு ஆகும்.

கடைசியில் மினரல் பாட்டத்தில் படகை ஏற்றிக்கொண்டு வேன் பாறைச் சுவரில் கொண்டைஊசி வளைவுகளாக மேலே ஏறும், மண் ரோடு, தடுப்புச் சுவர் கிடையாது, தலைசுற்றுகிறவர்கள் மலைப்பக்கம் உட்காருங்கள். மழை பெய்தால் அந்த ரோடு வழுக்கி வேன் வரமுடியாமல் போகும். நாங்கள் இறங்கிய அன்று முந்தின ராத்திரித் தூறலுக்கே வேன் மூன்று மணி நேரம் தாமதமாக வந்தது. அதனால் ஊர் திரும்பும் விமானத்தை ஆற்றிலிருந்து ஏறுகிற அன்றைக்கோ மறுநாள் காலைக்கோ போட்டுவிடாதீர்கள். சால்ட் லேக் சிட்டி விமான நிலையத்துக்கு அங்கிருந்து இன்னும் நாலைந்து மணி நேரக் கார்ப் பயணம் இருக்கிறது, குறைந்தது ஒரு முழு நாள் இடைவெளி விடுங்கள்.